மாதிரியில் வைரம் இல்லை என்றால்...



என்னைவிடத் தகுதியானவர்கள் கீழே அமர்ந்திருக்க, இந்தத் தலைமை நாற்காலியில் உட்காரக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை என்று தெரிந்தும், குழந்தை இயேசு திருத்தலக் கூட்டத்தில் நீந்தி விவேக் நகர் வந்து சேர்ந்த உங்களுக்கு நன்றி.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு, 'இந்திய வைரத் தேடல்: இன்றைய நிலை'. பன்னா அருகே மஜ்கவான் சுரங்கம் இருக்கிறது. பந்தர் வைரத் திட்டத்தை ரியோ டின்டோ நிறுவனம் 2017இல் மத்தியப் பிரதேச அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது. நமக்குப் பக்கத்தில், அனந்தபூர் வஜ்ரகரூரில், வைரம் இருக்கக்கூடிய கிம்பர்லைட் பாறைக் குழாய்கள் உண்டு, சுரங்கம் இல்லை. மீதியைக் கட்டுரையாளர்கள் சொல்வார்கள்.

எனக்கு ஒரு பழைய வழக்கு பாக்கியிருக்கிறது. முன்பொரு கருத்தரங்கில் நண்பர் ஒருவர், ஒரு கிம்பர்லைட் குழாயில் சில டன் பாறையை உடைத்துப் பார்த்து, கல் எதுவும் அகப்படாததால் அந்தக் குழாயே வெற்றுப் பாறை என்று தீர்ப்பெழுதினார். இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய களப்பணி மீது எனக்குப் பெரும் மதிப்பு. அந்தத் தீர்ப்பின் மீது இல்லை.

மஜ்கவானில் நூறு டன்னுக்குச் சுமார் 10 காரட். அதாவது டன்னுக்கு 20 மில்லிகிராம். சராசரிக் கல் அரைக் காரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு டன்னில் 20 கல், ஐந்து டன்னில் ஒன்றே ஒன்று. கற்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் அந்த ஒன்றும் சிக்காமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு. வைரம் தந்த சுரங்கத்தையே இந்த முறையில் வெற்றுப் பாறை என்று எழுதிவிடலாம்! நம்மில் பலர் கோலார் தங்கச் சுரங்கத்தில் தொழில் பழகியவர்கள். 2001இல் அது மூடப்பட்டும் தங்கக் கண் நம்மை விடவில்லை. கைப்பிடி மாதிரியைப் பொடித்துப் பார்த்த பழக்கத்தில் வைரத்தையும் அளக்கிறோம்.

இந்த இடத்தில் வைர வியாபாரி தவெர்னியேவை அழைக்க வேண்டும். 1676இல் வெளிவந்த அவர் பயண நூலை, நிலவியலாளர் வாலன்டைன் பால் 1889இல் ஆங்கிலத்தில் தந்த பிறகும், வியாபாரியின் கதை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அவர் விவரிக்கும் கொல்லூர் வைரச் சுரங்கத்தில் மண்ணைச் சுவர் வைத்த முற்றத்தில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, சேற்றை வடியவிட்டு, வெயிலில் காயவைத்து, தானியம்போலப் புடைத்து, கட்டிகளை இடித்து, கடைசியில் கையால் பொறுக்குகிறார்கள். இதைவிடத் தெளிவான களக்குறிப்பு எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? சேற்றோடும் தூசியோடும் போன பொடிக் கற்களை அங்கே யாரும் எண்ணவில்லை என்பதும் அதிலிருந்தே புரிகிறது. நம் அறிக்கைகளில் சல்லடைக் கண்ணின் அளவுகூட இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரா, இரண்டா என்று தெரியாமல் இரண்டு குழாய்களை ஒப்பிடுகிறோம்.

கல் எண்ணிக்கை சரியாக வந்தாலும் விலை தனிக்கதை. லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்தில் நூறு டன்னுக்கு இரண்டு காரட்கூடத் தேறாது. டி பியர்ஸ் 1982இல் மூடிவிட்டுப் போன இடம். பின்னர் திறந்தார்கள், 2006இல் 603 காரட் கல் ஒன்று வந்தது. அப்படிப்பட்ட கல்லைச் சிறு மாதிரி எப்படிக் காட்டும்?

ஆகவே, 'வைரம் இல்லை' என்று எழுதும் கட்டுரைகள், எத்தனை டன் அலசினோம், எந்தச் சல்லடை, எத்தனை கல் எதிர்பார்த்தோம் என்ற மூன்றையும் சொல்லாவிட்டால் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்று முன்மொழிகிறேன். மதிய அமர்வில் அப்படி இரண்டு இருக்கின்றன, ஆசிரியர்கள் பொறுத்தருள்க. முன்வரிசை நண்பருக்குப் பதில் சொல்லப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.