பால் கவரும் பாட்டிலும் ஏன் ஒட்டுவதில்லை?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எல்லாம் பிளாஸ்டிக்தானே, ஒரே பையில் போட்டால் என்ன?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பால் கவர் பாலிஎத்திலீன். தண்ணீர் பாட்டில் பெட். முன்னது சுமார் 110 டிகிரியில் உருகிவிடும். பின்னதற்கு ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். இரண்டையும் உருக்கிக் கலக்கினாலும், எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றுக்குள் மற்றது துளித்துளியாகவே நிற்கும். ஆறிய பின் துளியின் ஓரத்தில் பிடிப்பு இருக்காது. அதில் வாளி செய்தால் கைப்பிடி மாட்டும் இடத்தில் விண்டுவிடும்.

இதற்குத் தொழிற்சாலைகளில் 'கம்பாட்டிபிலைசர்' என்றொரு பொருளைச் சேர்க்கிறார்கள். இணக்கி என்று சொல்லலாம். பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலைதான். வங்கிக் கணக்கில் சொன்னால், இரு தரப்புக்கும் தெரிந்த ஜாமீன்தாரர். நைலானும் பாலிஎத்திலீனும் அடுக்காக ஒட்டிய உணவுப் பைகளை மறுசுழற்சி செய்யும்போது, மாலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிஎத்திலீனைச் சேர்ப்பதுண்டு. அதன் உடல் பாலிஎத்திலீனோடு கலக்கும். மாலிக் பகுதி நைலானோடு வேதிப் பிணைப்புக் கொள்ளும். நூறு கிலோவுக்குச் சில கிலோ போதும்.

அப்படியானால் பிரிக்கவே வேண்டாமா? வேண்டும். ஒரு ஜோடிக்குப் பொருந்தும் இணக்கி இன்னொரு ஜோடிக்கு உதவாமல் போகலாம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைச் சேர்ப்பது? விலையும் கூடுதல். பெட்டோடு பி.வி.சி. துண்டு ஒன்று போனாலும், அந்தச் சூட்டில் அமில ஆவி கிளம்பிச் சரக்கைக் கெடுக்கும். பிரியாணிப் பார்சலின் எண்ணெய்ப் பிசுக்கை எந்த இணக்கியாலும் போக்க முடியாது.

மறுசுழற்சிக்கு ஆகாத பைகளுக்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு வழி பிறந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர், சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவிப் படலமாக்கி, அதன் மேல் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். அங்கும் பி.வி.சி. கூடாது, அங்கும் பிரித்தாக வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்:

1. பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல் கீறி ஊற்றுங்கள். அலசி, உலர்த்தித் தனியே வையுங்கள்.

2. பாட்டிலையும் மூடியையும் பிரித்துப் போடுங்கள். பைப், வயர் துண்டுகள் அதோடு சேர வேண்டாம்.

3. சிப்ஸ் கவர் போன்ற பளபளப்பான பைகளுக்குத் தனிப் பை வையுங்கள்.

நாம் பிரிக்காவிட்டால், வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர்தான் அழுகல் குப்பைக்குள் கைவிட்டுப் பிரிக்க வேண்டும். நமக்கு ஆவதோ நாளைக்கு இரண்டு நிமிடம். இந்த வாரமே தொடங்குங்கள்.