பேயின் பெயரும் காதலின் பெயரும்



கோடைக்கானலில் வெள்ளையர் 'டெவில்ஸ் கிச்சன்', அதாவது பேயின் சமையலறை, என்றழைத்த பாறைப் பிளவில் 1991-இல் வெளிவந்த 'குணா' படமாக்கப்பட்டது. அதன்பின் அது 'குணா குகை' ஆயிற்று. பேயின் பெயரைக் காதற்பித்தன் ஒருவனின் பெயர் வென்றது. பழைய பேய்ப்படங்களின் ஈர்ப்பும் இதுவே.

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) அச்சுறுத்தியதினும் ஏங்கவைத்ததே மிகுதி. தாய்லாந்தில் பன்முறை படமான 'மே நாக்' கதையில், போருக்குச் சென்ற கணவனுக்காக, பேறுகாலத்தில் மாண்ட மனைவி மாண்டபின்னும் இல்லத்தே காத்திருக்கிறாள். முல்லையின் 'இருத்தல்' சாவையும் கடந்து நீள்கிறது! பின்னாளைய பேய்ப்படங்கள் ஒப்பனையை நம்பி இவ்வேக்கத்தைத் துறந்தன, இழப்பு அவற்றுக்கே.

குணா குகையின் அச்சமோ மெய்யானது. அதில் வீழ்ந்து மாண்டோர் பலர், வனத்துறை வேலியிட்டிருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று மக்கள் இன்றும் எட்டிப் பார்க்கின்றனர்.