அணைக்குப் பின்னால் இருக்கும் ஊர்



சிவில் பொறியியல் கருத்தரங்கை ஏரியூரில் வைப்பானேன், சேலத்தில் வைத்தால் எல்லாருக்கும் வசதியாயிற்றே என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். மேட்டூர் அணையை நாடே முன்னால் நின்று பார்க்கிறது, பின்னால் நின்று பார்க்க ஏரியூரை விட்டால் வேறு ஊர் ஏது என்றேன். தலைமை உரையில் நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான்.

இத்துறையின் வரலாற்றைப் பாடப்புத்தகம் ஒழுங்காகவே சொல்லும். 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி வந்தது, 1818-ல் லண்டனில் சிவில் பொறியாளர் நிறுவனம் அமைந்தது, 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். மாணவர்கள் இதையெல்லாம் தேர்வுக்குப் படித்துக்கொள்ளட்டும். நான் கல்லணையில் சற்று நிற்கிறேன். அங்கே காவிரிப் படுகையில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான், பாறை தட்டாது. அந்த மணல்மேல் பெருங்கற்களைப் போட்டார்கள். அவை தம் எடைக்குப் புதைந்தன. மேலும் கற்களைப் போட்டு, இடையில் களிமண்ணைக் கொடுத்து, அசையாமல் நிற்கும்வரை அடுக்கினார்கள். 1830-களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையில் கற்றதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். பிறகு கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டையும் கட்டினார். நம்மூர்க் கொத்தர்களிடம் வெள்ளைக்காரப் பொறியாளர் பாடம் கேட்டதை ஏனோ வகுப்பில் அழுத்திச் சொல்வதில்லை.

மேட்டூருக்கு வருகிறேன். பொறியாளர் எல்லிஸ் வகுத்த திட்டம் 1910-லேயே மேலிடத்துக்குப் போனது. மைசூருடன் வழக்கு இழுத்து, 1924-ல் ஒப்பந்தம் ஆன பிறகே 1925-ல் வேலை தொடங்கியது. ஆக, காகிதத்தில் 15 ஆண்டு, கல்லில் 9 ஆண்டு. 1934 ஆகஸ்ட் 21-ல் ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. உபரிநீருக்கு 16 கண் மதகு. அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 வந்தால் டெல்டாவே இந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாம் இருப்பது அந்த 120 அடியின் மறுபுறம். நீர் ஏறினால் இந்தப் பக்கத்து மேட்டு நிலங்களின் ஓரம்வரை ஏறும். இறங்கினால் வண்டல் படிந்த தரை வெளிப்படும், கரையோரத்து ஜனங்கள் அதில் விதை போட்டுவிடுவார்கள். இன்னும் இறங்கினால் எதிர்க்கரையில் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் ஒரு தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். செய்தித்தாள்கள் அதைப் படம் பிடித்துப் போடும். அந்தக் கோயிலைச் சுற்றி ஊர் இருந்தது, அந்த ஊர்க்காரர்கள் மேடேறிப் போனார்கள் என்பதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

ஏரியூர்ப் பக்கத்து நாகமரையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகுதான் வழி. சாலையில் போவதென்றால் மேட்டூரைச் சுற்ற வேண்டும். இந்தக் கரை ஒட்டனூருக்கும் எதிர்க்கரைக் கோட்டையூருக்கும் நடுவே பாலம் கேட்டு இந்த மக்கள் எத்தனையோ காலமாக மனுக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பொறியியல் நோக்கில் பார்த்தால் அது எளிய பாலம் அல்ல. ஆற்றுப் பாலத்துக்கு வெள்ளக் காலம் தவிர மற்ற மாதங்களில் வேலை ஓடும். இங்கே கோடையில் இறங்கிய நீர், கர்நாடகத்தில் மழை வலுத்தால் சில நாளிலேயே பல அடி ஏறிவிடும். நிறைந்த அணைக்கும் வற்றிய அணைக்கும் சேர்த்துத் தூண் உயரம் கணக்கிட வேண்டும். பழைய ஆற்றுப் பள்ளத்தின்மேல் 90 ஆண்டு வண்டல் கிடக்கிறது, பாறை எங்கே என்று ஒலி அலைக் கருவியாலும் துளையிட்டும் பார்த்தால்தான் தெரியும். மிதவையில் இயந்திரத்தை நிறுத்தி, எஃகுக் குழாயை இறக்கி, அதற்குள் துளையிட்டு, கம்பிக்கூட்டை வைத்துக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். செலவு கூடும். ஆனால் முடியாதது எதுவும் இதில் இல்லை. கடலுக்குள் பாம்பனில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலத்தை வைத்து 2025-ல் ரயில் விட்ட நாடு இது.

புதுமை என்றதும் இளைஞர்கள் முப்பரிமாண அச்சில் வார்த்த வீட்டைச் சொல்கிறார்கள். 2021-ல் சென்னை ஐஐடி வளாகத்தில் ஒன்று எழுந்தது, பாராட்டுகிறேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சுட்ட களிமண். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டியது. சுர்க்கி என்பது சுட்ட மண்ணின் பொடி. இன்று சிமென்டுக்காகச் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரில் ஏறக்குறையப் பாதியைக் குறைத்து, 700, 800 டிகிரியில் சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்க்கும் எல்சி3 சிமென்டை நம் ஐஐடிகளும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்திருக்கிறார்கள். கிளிங்கருக்கு 1,450 டிகிரி சூடு வேண்டும். உலகக் கார்பன் வெளியீட்டில் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருவதால், இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. கொத்தனார் கையில் இருந்த அறிவு ஆய்வகம் வழியாகத் திரும்பி வருகிறது.

இந்த மாவட்டம் கண்ட நல்ல வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் புளோரைடால் பல்லில் கறையும் எலும்பில் நோயும் கண்டவர்கள் தர்மபுரி மக்கள். ஜப்பானியக் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்து, காவிரி நீர் குழாயில் மேடேறியது. உபரிநீரை இம்மாவட்ட ஏரிகளுக்கும் ஏற்றுங்கள் என்ற கோரிக்கை அதன் தொடர்ச்சிதான். எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும், மின்சாரம் எவ்வளவு பிடிக்கும், ஆண்டில் எத்தனை நாள் உபரி கிடைக்கும் என்ற கணக்கைத் தயவுசெய்து இந்த மேடையிலேயே போட்டுப் பாருங்கள். வராது என்று கணக்கு சொன்னால் அதையும் மக்களிடம் சொல்லிவிடலாம்.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த அணையை, எந்தப் பாலத்தைப் பற்றிப் பேசினாலும் அதனால் யார் நிலம் மூழ்கியது, யார் வழி அடைபட்டது என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சில் வரும் தொகுப்பில் அந்தப் பத்தி இல்லாத கட்டுரையைச் சேர்க்க வேண்டாம் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மதிய உணவுக்குப் பின் நாகமரைத் துறைக்குப் போகிறோம், படகில் இடம் குறைவு என்பதால் மாணவர்கள் முதலில் ஏறட்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.