வேர் பிடித்த பின் எவருக்குச் சொந்தம்?

(மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேயிலைத் தண்டை வேர்விடச் செய்யும் கலையை உங்களுக்குக் கற்பிக்க நான் வரவில்லை. அது கொல்லர் தெருவில் ஊசி விற்கப் போன கதையாகும். தாய்ச்செடியிற் கிளை வெட்டி, ஓர் இலையும் அதன்கீழ் ஓரங்குலம் தண்டும் இருக்கும்படி துண்டித்து, வாடுமுன் நீரிலிட்டு, மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் நடுகின்ற கைகள் இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களின் கைகளே. நிழலும் ஈரமும் குன்றாது காத்தால் மூன்று மாத அளவில் வேர் பிடிக்கும். ஏறத்தாழ ஓராண்டில் கன்று மலையேறும்.

விதையிற் பிறந்த செடிகளில் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. தண்டிற் பிறந்ததோ தாயின் அச்சு. ஆகவேதான் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த 2023, 2025 முதலிய இனங்கள் இவ்வழியாற் பரவின. குறையும் உண்டு. விதைத் தேயிலையின் ஆணிவேர் இதற்கில்லை. வரட்சியில் முதலில் வாடுவது இதுவே. ஒரே இனத்தை மலை முழுவதும் நட்டால், வரும் நோயும் மலை முழுவதையும் பிடிக்கும்.

இத்தேயிலையால் வாழ்வு பெற்றவர் யார்? காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பகுதிகளின் சிற்றுடைமையாளர். இன்று இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள் கொழுந்தே. அவர்கள்மீது நமக்குப் பொறாமையில்லை, உழைத்தார்கள், உயர்ந்தார்கள். ஆனால் அவர்களுடைய கன்று அவர்களுடைய காணியில் வேர் விட்டது. நம்முடைய கன்று?

இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: நட்ட மரம் வேர் பிடித்ததும் நிலத்தோடு சேர்ந்து நிலவுடைமையாளனைச் சாரும். சிலருக்கு நட்டஈடு கேட்க இடமுண்டு. கூலிக்கு நட்டவருக்கு அதுவுமில்லை. பைக்குள் இருக்கும் கன்றின் கதையே நமது கதையாக இருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கிற்று. 1964 இல் இரு பிரதமர்கள் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கிட்டியது. தேயிலை நிலம் மட்டும் கிட்டவில்லை.

இப்பொழுது கம்பனிகள், குடும்பத்துக்கு இத்தனை செடி எனப் பிரித்துப் பராமரிக்கக் கொடுக்கும் முறையைக் கொண்டுவருகின்றன. கொழுந்துக்கு விலை தருவார்களாம். நல்லது. பட்டுப்போன செடியின் இடத்தில் நீங்கள் நடும் புதுக்கன்று எவருடையது? அது கொழுந்துக்கு வர மூன்றாண்டு செல்லும். பின் முப்பதாண்டுக்கு மேலும் பலன் தரும். ஒப்பந்தமோ ஓரிரு ஆண்டில் முடிவதாயின், நீங்கள் நட்டது யாருக்காக?

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று துரை சொன்னார், பெரிய கங்காணி சொன்னார் என்று என்னிடம் வராதீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியுரிமை பற்றிய வாக்கு நொத்தாரிசு முன் எழுதப்படாவிடிற் செல்லாது. வாய்ச்சொல் நீதிமன்றப் படியேறாது. ஆகையால் கைநாட்டு வைக்குமுன் அந்தத் தாளைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை நான் அங்கே இருப்பேன். தமிழில் வாசித்துச் சொல்கிறேன், கட்டணம் கிடையாது.