பழைய வண்டிக்கு மாற்றுக் கியர்ப்பெட்டி



திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கம்போளத்தை அந்நகரத் தமிழர் அனைவரும் அறிவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அக்கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் ஒருவரான நம் நண்பரிடம், தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் வண்டி ஒன்று உண்டு. வண்டு போன்ற உருவமுடையது. நீரின்றிக் காற்றினாலேயே குளிரும் இயந்திரத்தைப் பின்புறத்தே கொண்டது. அதன் கியர்ப்பெட்டி தேய்ந்துவிட்டது. வேறு எந்தப் பெட்டியைப் பொருத்தலாம் என்று அவர் வினவினார். வெளிமாநிலங்களில் இத்தகைய வண்டிகளைப் பேணிவரும் நேயர்களுக்கும் பயன்படும் வினாவாதலின், இன்று அதனை ஆராய்வோம்.

முதலாவதாக, மாற்றம் எதற்கு என்பதைத் தெளிதல் வேண்டும். இரு பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி, அரைபடாமல் இணைப்பது 'சிங்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு. 1959ஆம் ஆண்டு வண்டியின் முதற்கியருக்கு அது கிடையாது. ஏற்றுமதி வண்டிகளில், 1961ஆம் ஆண்டு மாதிரி முதல்தான் முன்செல்லும் நான்கு கியர்களுக்கும் அது அமைந்தது. கைவண்டிகளுக்கும் மூட்டை சுமப்போர்க்கும் இடையே ஊர்ந்து செல்லவேண்டிய சாலைத் தெருவில், முழு நிறுத்தமின்றி முதற்கியருக்கு வருவது பெரும் வசதியன்றோ? நண்பரின் விருப்பம் நியாயமானதே.

அவருக்கு மலிவாகக் கிடைக்கவிருந்தது, அதே நிறுவனத்தின் பழைய வேனுக்குரிய பெட்டி. புறத்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை. ஆனால் 1967 வரை வந்த அவ்வேன்களில், பின்சக்கரங்களின் அருகே தனியாக ஒரு சோடிப் பற்சக்கரங்கள் உண்டு. அவை சுழற்சியின் திசையை மாற்றிவிடும். அதனை ஈடுசெய்யவே பெட்டியினுள் பெரிய பல்வளையம் எதிர்ப்பக்கத்தில் அமைக்கப்பட்டது. அப்பெட்டியை வண்டில் அப்படியே பொருத்தினால், பின்னோக்கிச் செல்ல நான்கு கியர்களும் முன்னோக்கிச் செல்ல ஒன்றும் இருக்கும்! இதனைச் சோதிப்பது எளிது. பொருத்துவதற்கு முன், முதற்கியரிலிட்டு, இயந்திரம் இணையும் பக்கம் நின்று, உள்தண்டை வலஞ்சுழியாகச் சுழற்றுக. சக்கரம் பூட்டும் அச்சு, வண்டி முன்செல்லும் திசையில் சுழலுதல் வேண்டும்.

அடுத்து, பல் எண்ணிக்கை. 6 வோல்ட் வண்டிகளின் பிளைவீலில் 109 பற்களும், பின்னர் வந்த 12 வோல்ட் வண்டிகளில் 130 பற்களும் உண்டு. பெரிய சக்கரம் பழைய பெட்டியின் வாயில், உட்புறத்தைத் தேய்த்தாலன்றி அடங்காது. ஸ்டார்ட்டரும் அதற்கேற்றதாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, பலரும் எண்ணிப்பாராதது. 1960களின் 1200 வகை வண்டியில் இறுதிப் பல்விகிதம் 4.375, பிற்கால 1600 வகையில் 3.875. பின்னதைப் பொருத்தினால், அதே கியரில் அதே வேகத்திற்கு இயந்திரத்தின் சுழற்சி ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறையும். நாகர்கோயில் செல்லும் பாதையில் இது இனிமையே. ஆனால், குளிர்காற்றை வீசும் விசிறி இயந்திரத்தின் சுழற்சியால் இயங்குவது. சுழற்சி குறையின் காற்றும் குறையும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் 1192 கன சென்டிமீட்டர் இயந்திரம் இழுக்கமாட்டாமல் திணறும் வேளையில், அதற்குக் காற்றும் குறைந்தால் சூடேறி நலிவுறும். நீரால் குளிரும் வண்டிக்குக் கூறும் அறிவுரை இதற்குப் பொருந்தாது.

இறுதியாக அச்சும் சட்டமும். 1960களின் பிற்பகுதியில் தோன்றிய இரட்டை மூட்டு அச்சுக்குரிய பெட்டியைப் பழைய வண்டியில் ஏற்றவேண்டுமாயின், சட்டகத்தில் புதிய தாங்கிகளைப் பற்றவைத்தல் வேண்டும். 2021இல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்ததும், சட்டகம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாததுமான வண்டியே 'விண்டேஜ்' பதிவுக்கு உரியது. அரசாங்கச் சொற்களை நாள்தோறும் மொழிபெயர்த்து வாழும் நாம் அவ்வரியை இருமுறை படித்தோம். கியர்ப்பெட்டி என்னும் சொல் அதில் இல்லை. சட்டகம் என்னும் சொல் உண்டு. ஆகவே திருகாணியால் பூட்டியதைக் கழற்றி மீட்கலாம். பற்றவைத்ததை மீட்பது அரிது.

இவற்றைக் கேட்ட நண்பர் வேன் பெட்டியை வேண்டாவென்றார். 1960களின் தொடக்கத்தில் வந்த, பழைய அச்சோடு இணையும் முழு சிங்க்ரோமெஷ் பெட்டியைத் தேடுகின்றார். தாங்கிகள் ஒத்துவராவிடில், இடைத்தகடு வைத்துத் திருகாணியால் பூட்டுவது என்றும் முடிவு செய்துள்ளார். தந்தையார் ஓட்டிய பெட்டியை எண்ணெய் பூசிச் சாக்கில் பொதிந்து, கடையின் பரணில் வைக்குமாறு கூறினோம். பின்னொரு நாள் அவர் மகனுக்கு அது தேவைப்படலாம்.