பால் சேராத பிள்ளைகள்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்க வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவினர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு படபடப்பு. இந்த அரங்கில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் பயின்று என்னைத் தாண்டிச் சென்றவர்களும் இருக்கிறார்கள். மலாக்காவின் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் பிள்ளை மருத்துவம் பார்த்தவன் என்ற உரிமையில்தான் இங்கே நிற்கிறேன்.

கருத்தரங்கின் பொருள் பரம்பரை நோய்களும் வளர்சிதை மாற்றக் குறைபாடுகளும். அடிப்படைகளை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நொதி வேலை செய்யாவிட்டால் ஒரு பொருள் உடலில் தேங்கும், இன்னொன்று கிடைக்காமல் போகும். சிறுநீர் கறுக்கும் அல்காப்டனூரியாவைப் பற்றி 1902-இல் ஆர்ச்சிபால்ட் காரட் எழுதிய நாள் முதல் நம் துறை இதைத்தான் விரித்துக்கொண்டு வருகிறது. ஜி6பிடி நொதிக் குறைவுக்கும் பிறவித் தைராய்டு குறைவுக்கும் நம் மலேசியாவில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே சோதனை நடக்கிறது. ஜி6பிடி குறைவுள்ள பிள்ளைக்கு ஆபத்து என்பதால், அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைப் பச்சைப் பிள்ளைக்குப் போர்த்தக் கூடாது என்று இன்று ஒவ்வொரு தாதியும் சொல்கிறார் என்றால், அதன் பின்னால் 1960களில் சிங்கப்பூரில் பேராசிரியர் வோங் ஹொக் பூன் செய்த உழைப்பும் இருக்கிறது. தலசீமியாவுக்கு 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களைச் சோதித்து வருகிறோம். இவை பற்றி அடுத்த அமர்வுகளில் தகுதியானவர்கள் பேசுவார்கள்.

எனக்குத் தந்த நேரத்தை வேறொன்றுக்குச் செலவிட விரும்புகிறேன். நம் மக்களிடையே ‘பரம்பரை’ என்ற சொல் இடம் மாறிக் கிடக்கிறது. இனிப்பு நீரை, அதாவது நீரிழிவை, பரம்பரை என்கிறோம். பிறந்த ஐந்தாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு போகும் பிள்ளையை மாந்தம் என்கிறோம், தோஷம் என்கிறோம், தாயின் ராசி என்கிறோம். அடுப்படியிலிருந்து வந்ததை இரத்தத்தின் மேல் போடுகிறோம்; இரத்தத்தில் வந்ததைத் தாயின் தலையில் போடுகிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் துணை நிற்பது, நம் துறையில் இப்போது யாரும் புரட்டாத ஒரு புத்தகம். நெகிரி செம்பிலான் மாநில மருத்துவராக இருந்த டபிள்யூ. எல். பிராடன் 1907-இல் பெரிபெரி நோயின் காரணத்தையும் தடுப்பையும் பற்றி வெளியிட்ட நூல் அது. இந்த அரங்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அவர் வேலை செய்த ஊர்கள் இருக்கின்றன.

அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள். அதே வெயிலில், அதே மழையில், காட்டை வெட்டி ரப்பர் நட வந்த தமிழர்களுக்கு அந்த நோய் இல்லை. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் இல்லை. மண்ணின் நச்சுக்காற்று என்றார்கள் சிலர், கிருமி என்றார்கள் சிலர், இனத்தின் உடற்கூறு என்றார்கள் சிலர். பிராடனோ மூன்று இனத்தாரின் சோற்றுத் தட்டையும் பார்த்தார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டிலேயே அன்றன்று குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தையமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி போவதில்லை. இது இன்று நமக்குத் தெரியும். பிராடனுக்குத் தெரியாது. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். அந்த விளக்கம் தவறு. ஆனால் அவர் கண்டது சரி. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் ஓராண்டில் 18 பேர் இறந்தார்கள்; மற்றதில் பெரிபெரியால் ஒரு சாவும் இல்லை. அடுத்து மருத்துவ ஆய்வாளர்கள் பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானின் துரியான் தீப்புஸில் ஜாவானியத் தொழிலாளர்களிடையே அதை உறுதிப்படுத்தினார்கள். 1929-இல் வைட்டமின் ஆய்வுக்கான நோபல் பரிசு ஐக்மானுக்கும் ஹாப்கின்ஸுக்கும் போனது. பிராடனை உலகம் விட்டுவிட்டது. காரணத்தைத் தவறாகச் சொன்னவர் என்பதற்காக, சரியாகப் பார்த்தவரையும் சேர்த்துத் தூக்கி எறிந்தது நியாயமில்லை என்பது என் முடிவு.

இப்போது இனிப்பு நீருக்கு வருகிறேன். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியரிடையே 31.4. சில ஆண்டுகளுக்கு முன் இதே மலாக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில், நான் மிகவும் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர், தமிழனின் மரபணுவே இதற்குக் காரணம் என்று சொல்லி அமர்ந்தார். பஞ்சத்தில் பிழைத்த உடல் கொழுப்பைச் சேமிக்கிறது என்று ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த கருத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அன்று மறுமொழி சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை. இன்று மரியாதையோடு சொல்கிறேன்: நீல் அவர்களே பிற்காலத்தில் தம் கருத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். நாம்தான் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நின்றுவிட்டோம்.

பெரிபெரியிலும் எண்ணிக்கை இனவாரியாகத்தான் பிரிந்திருந்தது. அது இனத்தின் நோயாக இருந்ததா? என் பாட்டி புழுங்கலரிசிக் கஞ்சி குடித்து, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மேடும் பள்ளமுமாய் நடந்து நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவர். நான் பள்ளிக்குப் போன காலத்தில் தோட்டக் கடையில் வெள்ளை சயாம் அரிசியும், டின் பாலும், சீனியும்தான். 1960களின் தோட்டத் துண்டாடலும் அதன் பிறகு வந்த செம்பனையும் நம்மவரைப் பட்டணத்து ஓரங்களுக்குத் தள்ளின. காலால் நடந்தவர்கள் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றார்கள், காவல் குடிசையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். இரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. தட்டும் காலும் மாறும்.

மரபுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. புனேயில் யாக்னிக் குழுவினர் காட்டியதை ஏற்கிறேன். அங்கே பிறக்கும் பிள்ளையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் மெலிந்த அந்தப் பிள்ளையின் உடலில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதில் தாய் உண்டதற்கும் உண்ணாததற்கும் பங்கு உண்டு. அதையும் ‘பரம்பரை’ என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால், கர்ப்பிணியின் தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது, உண்மையிலேயே பரம்பரையாக வருவது. இங்கே இன்னொரு பழைய வழக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது நெடுங்கால வழக்கம். ஆகவே கொடிய மரபணுக்கள் எல்லாம் எப்போதோ கழிந்துபோயிருக்கும் என்று எல். டி. சங்வி 1966-இல் எழுதினார். வேலூரிலிருந்து சுந்தர் ராவும் இன்பராஜும் 1977-இல் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, உறவில் மணந்தவருக்கும் மற்றவருக்கும் இடையே கருச்சிதைவு போன்றவற்றில் பெரிய வேறுபாடு இல்லை என்றார்கள். நேர்மையான, பெரிய உழைப்பு அது. அதை நம் சங்கக் கூட்டங்களில் கேடயமாகப் பிடித்தவர்களோடுதான் எனக்கு வழக்கு. ஆயிரத்துக்கு நூறு பிள்ளைகள் வேறு வேறு காரணத்தால் சாகும் ஊரில், நொதிக் குறைவால் செத்த ஒன்றிரண்டு பிள்ளைகள் கணக்கில் எப்படித் தனியாகத் தெரியும்? பெங்களூரில் 1980களில் ராதா ராம தேவி, அப்பாஜி ராவ், பிட்டில்ஸ் ஆகியோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது அமினோ அமிலக் குறைபாடுகள் வெளிவந்தன. இரத்தத்தைப் பார்த்தால் தெரிகிறது. சாவுக் கணக்கை மட்டும் பார்த்தால் தெரியாது.

ஆனால் உறவுத் திருமணத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதையும் நான் ஏற்கவில்லை. 2017-இல் மரபியலாளர்கள் தங்கராஜும் ரைக்கும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் பல சமூகங்கள் சில மூதாதையரிடமிருந்து கிளைத்து, சாதிக்குள்ளேயே மணந்து, மறைந்திருக்கும் மரபணுக்களைப் பெருக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டியது. தமிழ்நாட்டு நரிக்குறவரிடையே அல்காப்டனூரியா அதிகம் காணப்படுவது இந்த வழியில்தான். நம் தோட்டங்களுக்கு வாருங்கள். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன் பிறகு புக்கிட் அசாகான், கெமுனிங், தெபோங், காடேக் என்று இந்த மாநிலம் முழுவதும் பரவிய தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் எங்கே போய்ச் சேர்த்தார்? தம் ஊரில், தம் சனத்தில். 1938-இல் இந்தியா அந்தக் கதவை மூடியது. பிறகு அந்தச் சில குடும்பங்களுக்குள்ளேதான் பெண் கொடுக்கல் வாங்கல். “எங்களுக்குள் சொந்தம் இல்லை டாக்டர், பெண் வேறு தோட்டம்” என்று பெற்றோர் என்னிடம் சொல்வார்கள். இரண்டு தோட்டத்துக்கும் ஆள் கொண்டுவந்தது ஒரே கங்காணியா என்று நான் திருப்பிக் கேட்பேன். பல வீடுகளில் பதில் ‘ஆமாம்’ என்று வந்திருக்கிறது.

கடைசியாக, நான் கையால் தொட்ட ஒரு சான்று. மூடப்பட்ட தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சாமான்களை எரிக்க இருந்தபோது, டிரெசர் என்னும் மருத்துவ உதவியாளர் எழுதிய பிறப்பு இறப்புப் பேரேடு ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒரு தாயின் பெயர் அதில் ஆறு ஆண்டுகளில் மூன்று முறை வருகிறது. மூன்றும் ஆண் பிள்ளைகள். நல்ல எடையோடு பிறந்தவர்கள். நாலாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இறந்தவர்கள். காரணம் என்ற இடத்தில் மூன்று முறையும் வலிப்பு என்று எழுதியிருக்கிறார். கணவன் அவளுடைய தாய்மாமன்.

அந்தத் தோட்டத்தில் பிரசவம் பார்த்த ஆயாவைத் தேடிப் போனேன். கண் மங்கியிருந்தாலும் நினைவு மங்கவில்லை. “பால் சேரலப்பா அதுங்களுக்கு. மொதநாளு நல்லாத்தான் இருந்துச்சுங்க. பால் குடிக்கக் குடிக்கத் தொவண்டுச்சுங்க” என்றார். ஊர் என்ன சொன்னது என்று கேட்டேன். அவள் பாலில் விஷம் என்று சொன்னதாம். அவளுடைய மார்பில் வேப்பெண்ணெய் தடவினார்களாம்.

தோழர்களே, பால் சேரவில்லை என்று அந்த ஆயா கண்டது சரி. கேலக்டோசை உடலில் மாற்ற முடியாத பிள்ளைக்கும், புரதத்தைக் கையாள முடியாத பிள்ளைக்கும் பால்தான் நஞ்சாகிறது. அதனால்தான் முதல் நாள் நன்றாக இருந்து, குடிக்கக் குடிக்கத் துவளுகிறது. பிள்ளைத் துணியில் வெல்லப்பாகு மணம் வீசுகிறது என்று ஒரு பாட்டி சொன்னால், அது மருத்துவன் உடனே ஓட வேண்டிய செய்தி. ஊரார் காரணத்தைத் தவறாகச் சொன்னார்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கையையே அதற்குப் பலிகொடுத்தார்கள். ஆனால் பிராடனைப் போலவே சரியாகப் பார்த்திருந்தார்கள். அந்த டிரெசரும் நாளையும் எடையையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்.

இன்று அத்தகைய பிள்ளைக்கு வழி இருக்கிறது. சேராத பாலை நிறுத்தி, தனிச்சத்து மாவு கொடுத்து, சில வகைகளுக்கு அதே தையமினையே மருந்தாகக் கொடுத்துக் காப்பாற்றலாம். அதற்கு முதல் வாரத்திலேயே சந்தேகம் வர வேண்டும். முன்னால் போன பிள்ளைகளின் கதை தெரிந்தால்தான் சந்தேகம் வரும். அந்தக் கதை தாளிலும் கிழவிகளின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது, இரண்டும் அழிந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே மெர்லிமாவ், சிர்காம், அலோர் காஜா, தெபோங் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் தலைமையாசிரியர்களிடமும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணிமார்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பழைய டிரெசர் பேரேடோ, செக்ரோல் என்னும் வேலையாள் வருகைப் பதிவேடோ உங்கள் வீட்டிலோ கோயில் பீரோவிலோ இருந்தால் எரிக்காதீர்கள், பழைய தாள்காரரிடம் போடாதீர்கள். ஓராண்டு நிறையுமுன் இறந்த பிள்ளைகளை உங்கள் ஊர் மூத்த பெண்களிடம் கேட்டு, எத்தனையாம் நாள், என்ன மணம், பால் குடித்ததா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தேநீர் இடைவேளையில் நான் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன். என்னிடம் வந்து சொல்லுங்கள்.