ஒரு பௌதிகத் துறையின் கதை



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, நட்சத்திரம் எவ்வளவு பெரியது?" என்று கேட்டான். "எத்தனை பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அது புள்ளியாகத்தான் தெரியும், அதை அளக்க முடியாது, உட்கார்" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். போதனா முறைகளில் பயிற்சி பெற்று வந்தவன் நான். கேள்வி கேட்பவனை உட்கார வைக்கலாகாது என்பதே அங்கே எனக்குக் கற்பித்த முதற் பாடம். அதை அன்று மறந்தேன். நான் சொன்ன விடையும் தவறு. 1920ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மைக்கல்சன் என்னும் பௌதிகப் பேராசிரியர் நம் திருவாதிரை நட்சத்திரத்தை அளந்துவிட்டார். 1956இல் சிரியஸ் என்னும் நட்சத்திரத்தைப் புதியதொரு வழியில் அளந்து காட்டியவர் நம் நீலகிரியில் உள்ள அரவங்காட்டில் பிறந்தவர். இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அரவங்காட்டுக்காரரைத் தேடிப் படிக்கப் போய், அவர் பணியாற்றிய துறையின் வரலாறு முழுவதையும் படிக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துப் பௌதிக, வானசாஸ்திரத் துறையே அது. அதன் கதையில் ஒரு சில பகுதிகளை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மான்செஸ்டர் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன நகரம். 1907 முதல் 1919 வரை அங்கே பௌதிகப் பேராசிரியராக விளங்கியவர் ரூதர்ஃபோர்டு. அணுவுக்கு நடுவே கரு ஒன்று உண்டு என்ற உண்மை அவருடைய ஆய்வுச்சாலையிலேதான் வெளிப்பட்டது. இதை நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1909இல் மெல்லிய பொன் தகட்டின்மேல் ஆல்ஃபாத் துகள்களைச் செலுத்தி, அவற்றுள் சில திரும்பி வருவதைக் கெய்கருடன் இருந்து கண்டவர் மார்ஸ்டன். அப்போது அவர் பட்டம்கூடப் பெறாத, இருபது வயது மாணவர். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது.

இனி வானத்துக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் ராடார்க் கருவிகளை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த பெர்னார்டு லவல் என்ற இளைஞர், போர் முடிந்ததும் 1945இல் மான்செஸ்டருக்குத் திரும்பினார். அண்டவெளியிலிருந்து வந்து காற்றில் மோதும் காஸ்மிக் கதிர்கள் ராடாரில் எதிரொலி தருமா என்று பார்ப்பதே அவர் நோக்கம். படை வேண்டாமென்று ஒதுக்கிய ராடார் வண்டிகளை வாங்கி வந்து, துறையின் கட்டடத்துக்கு அருகிலேயே நிறுத்திக் கருவியை முடுக்கினார். ஒன்றும் விளங்கவில்லை. எதிரே இருந்த சாலையில் ஓடிய மின்சார டிராம் வண்டிகளின் பொறிகள் கருவியில் புகுந்து குழப்பின. ஊருக்கு வெளியே இடம் தேடினார். தெற்கே இருபது மைல் தொலைவில், ஜோட்ரல் பாங்க் என்னும் சிற்றூரில், பல்கலைக்கழகத்தின் தாவர நூல் துறைக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். சேறு, குளிர், இரண்டொரு மரக் குடில்கள். வேறு வசதி ஒன்றுமில்லை.

கருவியை முடுக்கினாரோ இல்லையோ, எதிரொலிகள் வரத் தொடங்கின. ஆனால் அவை காஸ்மிக் கதிர்களின் எதிரொலிகள் அல்ல. காற்று மண்டலத்தில் எரிந்து வீழும் எரிநட்சத்திரங்கள் விட்டுச் செல்லும் சுவடுகளிலிருந்து வந்தவை அவை. தேடிப் போனது கிடைக்கவில்லை. தேடாதது கைக்கு வந்தது. பகலிலும் எரிநட்சத்திரங்கள் மழைபோல் வீழ்கின்றன. சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த மழையை 1947இல் ராடார் கண்டுவிட்டது. வானத்தை ஆராய இரவும் வேண்டாம், மேகமற்ற பொழுதும் வேண்டாம் என்றாயிற்று. மேகம் விலகாத மான்செஸ்டர் பக்கத்தாருக்கு இது எத்தகைய வரம் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே ஆண்டு கம்பிகளைக் கொண்டு 218 அடி அகலமுள்ள பெரிய கிண்ணம் ஒன்றைத் தரையிலேயே அமைத்தார்கள். வானத்தின் உச்சியை மட்டும் பார்க்கும் கிண்ணம் அது, திருப்ப முடியாது. நடுவில் நின்ற கம்பத்தைச் சற்றுச் சாய்த்தால் பார்வையும் சற்று நகரும். இந்த எளிய உபாயத்தைக் கொண்டு ஹான்பரி பிரவுன் என்பவரும் ஹசார்டு என்ற மாணவரும் ஆண்ட்ரமீடா மண்டலத்திலிருந்து ரேடியோ அலைகள் வருவதை 1950இல் நிலைநாட்டினார்கள். அந்த மண்டலம் நமக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நான் முன்னே சொன்ன அரவங்காட்டுக்காரர் இந்த ஹான்பரி பிரவுன்தான். அவருடைய தந்தையார் அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்தபோது, 1916இல் அவர் பிறந்தார்.

உச்சியை மட்டும் பார்த்தால் போதுமா? எத்திசையிலும் திரும்பக்கூடிய கிண்ணம் வேண்டும் என்று லவல் விரும்பினார். 250 அடி அகலம் என்று திட்டமிட்டு 1952இல் வேலை தொடங்கிற்று. ஹஸ்பண்டு என்ற பொறியியல் வல்லுநர் அதை வடிவமைத்தார். இவ்வளவு பெரிய இரும்புப் பாத்திரத்தைச் சாய்க்கப் பற்சக்கரத்துக்கு எங்கே போவது? உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பழைய போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகளைத் திருப்பிய பற்சக்கர அமைப்பை வாங்கிப் பூட்டினார்கள். இன்னும் அங்கே இருக்கிறது. போருக்கென்று வார்த்த இரும்புக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இதற்கிடையில் எஃகின் விலை ஏறிற்று. வான நூலாரின் தேவையும் மாறிற்று. குறுகிய அலைகளையும் பெற வேண்டுமென்று, கம்பி வலையாக இருக்கவேண்டிய பரப்பை எஃகுத் தகடாக மாற்றினார்கள். செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டிவிட்டது. பாராளுமன்றத்தின் கணக்குக் குழு கண்டித்தது. பல்கலைக்கழகம் கடனில் ஆழ்ந்தது. லவல்மீது வழக்கு வரும், சிறைக்கும் போக நேரலாம் என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை என்பது என் கருத்து. பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டி, ஒவ்வொரு காசுக்கும் ரசீது வைத்திருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

1957 அக்டோபர் 4ஆம் நாள் ரஷ்யர்கள் ஸ்புட்னிக் என்ற முதற் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் ஏவினார்கள். அதை ஏற்றிச் சென்ற ராக்கெட்டும் பூமியைச் சுற்றி வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கென்று செய்த ராக்கெட் அது. அதை ராடாரால் தொடர்ந்து காணும் ஆற்றல் மேற்கு நாடுகளில் அப்போது ஜோட்ரல் பாங்கின் புதிய தொலைநோக்கி ஒன்றுக்கே இருந்தது. சில நாட்களில் லவலின் குழுவினர் அதைக் கண்டு காட்டினார்கள். நேற்றுவரை ஏசிய பத்திரிகைகள் மறுநாள் புகழ்ந்தன. ஆயினும் கடன் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. 1960இல்தான் மோட்டார்த் தொழிலதிபர் நஃபீல்டு பிரபுவும் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையும் எஞ்சிய தொகையைக் கட்டி முடித்தார்கள்.

நட்சத்திரத்தை அளந்த கதைக்கு வருகிறேன். போர்க்காலத்தில் விமானங்களைத் தேடப் பயன்பட்ட இரண்டு பெரிய தேடுவிளக்குகளின் கண்ணாடிகளை ஹான்பரி பிரவுன் எடுத்துக்கொண்டார். இரண்டையும் சிரியஸ் நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி, அவற்றில் விழும் ஒளியை மின்னோட்டமாக மாற்றினார். இரண்டு மின்னோட்டங்களிலும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் இருக்கும். அவை எந்த அளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார். கண்ணாடிகள் அருகருகே இருந்தால் ஒற்றுமை மிகுதி. தள்ளித் தள்ளி வைக்கக் குறையும். எவ்வளவு விரைவில் குறைகிறது என்பதிலிருந்து நட்சத்திரத்தின் வட்ட அளவைக் கணக்கிட்டுவிடலாம். இங்கிலாந்தில் சிரியஸ் அடிவானத்திலிருந்து 20 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. குளிர்காலத்தில் பல மாதங்கள் காத்திருந்து, மேகம் விலகிய சில மணி நேரங்களில் இதைச் செய்து முடித்தார். கிடைத்த அளவு எத்தகையது என்று சொல்கிறேன். இரண்டு செண்டிமீட்டர் அகலமுள்ள காசு ஒன்றைக் கன்னியாகுமரியில் வைத்துவிட்டு, ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையிலிருந்து அதன் அகலத்தை அளப்பதற்கு ஒப்பானது அது.

இதைப் பெரிய பௌதிக நிபுணர்கள் பலர் நம்பவில்லை. ஒளி தனித்தனித் துகள்களாக வருவது. ஒரு துகள் இங்கே விழுவதற்கும் மற்றொன்று அங்கே விழுவதற்கும் ஒற்றுமை எப்படி இருக்க முடியும் என்று கேட்டார்கள். வேறு இரண்டு ஆய்வுச்சாலைகளில் சோதனை செய்து பார்த்து, ஒற்றுமையே இல்லை என்றும் எழுதினார்கள். ஹான்பரி பிரவுனும் அவருடைய துணைவர் ட்விஸ் என்ற கணித வல்லுநரும் அசையவில்லை. அந்தக் கருவிகளைக் கொண்டு விளைவைக் காண எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கணக்கிட்டு, அவற்றின் கூர்மை போதாது என்று காட்டினார்கள். கொள்கை வழியிலும் இது சரியே என்று அமெரிக்கப் பேராசிரியர் பர்செல் விளக்கினார். பின்னர் ஹான்பரி பிரவுன் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, நராப்ரி என்ற இடத்தில் வட்டமான இருப்புப்பாதை அமைத்து, அதன்மேல் இரண்டு பெரிய கண்ணாடித் தொகுதிகளை ஓடவிட்டு, 32 நட்சத்திரங்களை அளந்தார்.

இந்தத் துறை தவறு செய்ததே இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறது. பல்சார் என்று ஒரு வகை நட்சத்திரம் உண்டு. அது தன்னைத்தானே சுற்றும்போது கடிகாரம்போல் ஒழுங்காக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும். 1991இல் ஆண்ட்ரூ லைன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பல்சாரின் துடிப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சற்று முந்தியும் பிந்தியும் வருவதைக் கண்டார்கள். அதைச் சுற்றி ஒரு கிரகம் ஓடி இழுக்கிறது என்று அறிவித்தார்கள். சூரியனல்லாத வேறொரு நட்சத்திரத்துக்குக் கிரகம்! உலகமெங்கும் செய்தி பரவிற்று. ஆனால் ஆறு மாதம் என்பது நம் பூமி சூரியனைச் சுற்றும் காலத்தில் சரிபாதி அல்லவா? அந்த எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. லைன் கணக்கைத் திரும்பப் போட்டார். பூமியின் பாதை முழு வட்டமன்று, சற்றே நீண்டது. அந்தச் சிறு நீட்சியைச் சரியாகச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். சேர்த்ததும் கிரகம் மறைந்துவிட்டது.

1992 ஜனவரியில் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் வான நூலாரின் பெருங்கூட்டம். தம் கிரகத்தைப் பற்றிப் பேச வேண்டியவராக இருந்த லைன், மேடையேறி, கிரகம் இல்லை என்றும், பிழை தம்முடையதே என்றும், அது எவ்வாறு நேர்ந்தது என்றும் ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டிற்று. அடுத்து மேடையேறிய வால்ஷான் என்பவர் மற்றொரு பல்சாரைச் சுற்றும் கிரகங்களை அறிவித்தார். அவை மெய்யானவை; இன்றும் ஏற்கப்படுபவை.

பின்னாளில் அதே துறையில் கைமும் நோவோசெலோவும் ஒட்டு நாடாவைக் கொண்டு பென்சில் கரியிலிருந்து ஓரணுக் கனத்தில் கிராஃபீன் தகட்டைப் பிரித்தெடுத்து, 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். அது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. லவலின் தொலைநோக்கி இன்னும் வேலை செய்கிறது. 2019இல் ஜோட்ரல் பாங்க் முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. லவல் 98 வயது வரை வாழ்ந்து, 2012இல் மறைந்தார்.

உதகமண்டலத்திலும் 1970 முதல் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த ஸ்வரூப் அமைத்தது; 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகைக்கு இசைவாகச் சரிந்திருக்கும் மலைச்சரிவைத் தேடிக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் அங்கே மலை ரயிலில் செல்வீர்களானால், வெலிங்டனைத் தாண்டியதும் அரவங்காடு என்று ஒரு நிலையம் வரும். வண்டி அங்கே சிறிது நேரம்தான் நிற்கும்.